கொக்காக இருந்திருக்க வேண்டிய வாத்து

பதவிக்குக் காத்திருப்பதையே ஒரு பதவியாக மதிக்கிற ஊர் பீக்கிங். கோங் பெய்ரு அந்தப் பதவியை ஒன்பது வருஷமாக, ஒரு நாள் விடுப்புக்கூட எடுக்காமல் வகித்து வந்தார். அரசுத் தேர்வில் மூன்று முறை தோற்று, நான்காம் முறை மாமனார் பணத்தில் மாவட்ட அதிகாரித் தகுதியை விலைக்கு வாங்கியவர். தகுதி வந்துவிட்டது, மாவட்டம்தான் வரவில்லை. தொப்பியில் பதவியைக் காட்டும் பொத்தான் இருந்தது, அங்கியின் மார்பில் தைத்த பறவை இருந்தது. நீதிமன்றத்தில் மேஜையைத் தட்டி ஆளை அடக்குகிற மரக்கட்டையைக்கூட முன்யோசனையோடு வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவி ஸ்யே அம்மாள் அதை வைத்துத்தான் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தாள்.

கோங்குக்கு மாவட்டம் இல்லையே தவிர புகழ் இருந்தது. ஷுவான்வு நகரவாசலுக்கு வெளியே இருந்த தேநீர்க்கடையில் காலை வேளையில் அவர் மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேராவது நிற்பார்கள். அந்த ஊரில் இரண்டு கனவான்கள் சந்தித்தால் உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் மூக்குப்பொடிக் குப்பியை மாற்றிக்கொள்வார்கள். இரு கையாலும் நீட்ட வேண்டும், இரு கையாலும் வாங்க வேண்டும், மூடியை லேசாக நெகிழ்த்தி முகர வேண்டும், பிறகு குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வியக்க வேண்டும். வியக்காமல் திருப்பிக் கொடுப்பது முகத்தில் செருப்பை எறிவதற்குச் சமம். வியப்பதில் கோங்கை மிஞ்ச அந்த நகரத்தில் ஆள் இல்லை.

பீச் பழம் செதுக்கியிருந்தால் நீண்ட ஆயுள், வௌவால் இருந்தால் அதிர்ஷ்டம், கொடியோடு சுரைக்காய் என்றால் பிள்ளை குட்டி. இதெல்லாம் கழுதை ஓட்டுகிறவனுக்கும் தெரியும். கோங் அதோடு நிற்க மாட்டார். வௌவாலின் இடது சிறகு ஏன் மடங்கியிருக்கிறது, சுரைக்கொடி ஏன் குப்பியின் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்கிறது, பழத்தில் புழு அரித்த துளையைச் செதுக்கியவன் அதன் மூலம் எந்த அரச வம்சத்தின் வீழ்ச்சியைச் சொல்கிறான் என்று மூன்று கோப்பைத் தேநீர் ஆறும்வரை பேசுவார். ஒருமுறை ஒரு கிழட்டுப் படைவீரர் எதுவுமே செதுக்காத வழவழப்பான ஜேட் கல் குப்பி ஒன்றை நீட்டினார். கோங் கண்ணை மூடினார். ஆசை அற்ற மனம், எழுதப்படாத சட்டம், ஆளாமல் ஆளும் அரசன் என்று அரைமணி நேரம் வெறுமையைப் பற்றிப் பொழிந்தார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"செதுக்கறதுக்குக் காசு பத்தலைங்க" என்றார் கிழவர்.

அதையும் கோங் எளிமையின் சிகரம் என்று விளக்கிவிட்டார்.

அவர் குடியிருந்தது நான்கு பக்கமும் வீடுகள் சூழ்ந்த ஒரு வாடகை முற்றத்தில், வடக்குப் பக்க இரண்டு அறைகளில். எதிர்ப் பக்கத்து ஒற்றை அறையில் பாங் ஷிஹெங் என்று இன்னொரு காத்திருப்பவர் இருந்தார். நாலு வருஷக் காத்திருப்பு. கோங்கின் கணக்கில் கைக்குழந்தை. பருத்த ஆள். தன் துணியைத் தானே துவைப்பார், முற்றத்துக் கிணற்றடியில் எல்லோர் வீட்டுப் பெண்களிடமும் முட்டைக்கோஸ் விலை கேட்பார். அவர் பொடி போட்டு வைத்திருந்தது கண் மருந்து வந்த கண்ணாடிக் குப்பியில். அதை இரு கையாலும் நீட்ட அவருக்கு வெட்கமே இல்லாதது கோங்குக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக வலித்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை பாங் ஈரத் துணியை உதறிக்கொண்டே செய்தி சொன்னார்.

"லின்தாங்காரர் போய்ட்டாராம், அண்ணே."

லின்தாங், தெற்கே யாங்ஸி ஆற்றுக் கரையில் பட்டும் அரிசியும் விளைகிற மாவட்டம். அங்கே மூன்று வருஷம் அதிகாரியாக இருந்தவனுக்கு மூன்று தலைமுறைக்குக் கவலை இல்லை என்பது காத்திருப்பவர்களின் சாஸ்திரம்.

"எப்படிப் போனார்?"

"நண்டு. ஒரே உக்கார்வுல பதினாறு தின்னாராம்."

"பதினாறா?"

"பதினேழாவது கையில இருந்துச்சுன்னு சொல்றாங்க. நல்ல சாவு. நீங்க உடனே திங் கடைக்குப் போங்க அண்ணே. போன மாசம் நானும் எட்டிப் பாத்தேன். அவர் ஒரு வாத்துக் குப்பியக் காட்டினாரு, விலையச் சொன்னாரு. நான் அவரு குடுத்த தேத்தண்ணியக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்."

விஷயம் இதுதான். எந்த அதிகாரியை எந்த மாவட்டத்தில் போடுவது என்பதைப் பேருக்குக் குலுக்கல்தான் முடிவு செய்தது. மூங்கில் குச்சிகளில் பெயர் எழுதிக் குழாயில் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் குலுக்கி எடுப்பார்கள். அந்தக் குச்சிகளுக்குக் கண் உண்டு என்பதும், அந்தக் கண்கள் நியமனங்களைத் தன் கைக்குள் வைத்திருந்த ஷௌதிங் பிரபுவைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிரபு லஞ்சம் வாங்க மாட்டார். வெள்ளிக் கட்டிகளோடு வந்த ஒருவனை நாயை விட்டு விரட்டியவர். ஆனால் அவர் கலை ரசிகர். ரசிகருக்கு இன்னொரு ரசிகர் சின்னதாக ஒரு பொடிக்குப்பி பரிசளித்தால் அதில் யார் குற்றம் காண முடியும்? குப்பிகள் விற்கிற லியுலிச்சாங் தெருவில் திங் ஹெனியன் என்பவர் நடத்திய 'தெளிநீர் மாளிகை' என்ற கடையில் பிரபுவின் மனசுக்குப் பிடித்த குப்பி எப்போதும் ஒன்று இருக்கும். ஏனென்றால் அது பிரபுவின் குப்பியேதான். விலை கொடுத்து வாங்குகிறவர் தன் பெயர்ச்சீட்டை வைத்துப் பிரபுவுக்குப் பரிசாக அனுப்புவார். இரண்டே நாளில் அது கடை அலமாரிக்குத் திரும்பி வந்து அடுத்தவருக்காகக் காத்திருக்கும். விலை மட்டும் பிரபுவின் வீட்டிலேயே தங்கிவிடும்.

ஸ்யே அம்மாளின் சீதனத்தில் மிச்சம் இருந்தது தோங்ஜோ ஊரில் ஒரு கோதுமை நிலம். அவள் தன் தம்பியிடம் சொல்லி அதை விற்றாள். எண்ணூறு தேல் எடை வெள்ளி வந்தது.

"இதுதான் கடைசி" என்றாள் கணவரிடம். "இதுக்கு அப்புறம் விக்கறதுக்கு நான்தான் பாக்கி. என்னையும் யாரும் இந்த விலைக்கு எடுக்க மாட்டாங்க."

"லின்தாங் போனதும் பத்து மடங்கு நிலம் வாங்கலாம்."

"மொதல்ல போங்க."

திங் மெலிந்த மனிதர். விலையை ஒருபோதும் வாயால் சொல்ல மாட்டார். வாங்க வந்தவரின் கையைத் தன் நீண்ட சட்டைக் கைக்குள் இழுத்து விரல்களால் சொல்வார். முதலில் தேநீர் வந்தது. பிறகு வானிலை. பிறகு நீலத் துணி ஒட்டிய ஒரு பெட்டி. அதற்குள் இருந்ததைப் பார்த்ததும் கோங் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

சாம்பலில் புரட்டிய பச்சை நிறம். கல்லுக்குள் பஞ்சு அடைத்தது போல வெள்ளைத் திட்டுகள். ஒரு பக்கம் தாமரை. அதன் தண்டு நோயாளியின் கழுத்து மாதிரி சாய்ந்திருந்தது. மறுபக்கம் நீரில் நின்றது ஒரு பறவை.

"இது என்ன?"

"கொக்குங்க."

"கொக்கா?"

"செதுக்கினவன் கொக்குன்னுதான் நெனச்சிருக்கான். காலுக்கு எடம் பத்தல போல."

"திங், எனக்கா இதைக் காட்டுறீங்க? தாமரைன்னா என்ன தெரியுமா? சேத்துல முளைச்சும் சேறு படாதது. கை நீட்டாத அதிகாரிக்கு அடையாளம். அத இப்படியா செதுக்கறது?"

"அதனாலதாங்க பிரபுவுக்கு இது மேல அவ்வளவு பிரியம். எத்தன தடவ வாங்கிக்கிட்டாலும் சலிக்கறதே இல்ல."

சட்டைக் கைக்குள் திங்கின் விரல்கள் எட்டு என்றன; எட்டு நூறு என்று அர்த்தம். எட்டு வெள்ளிகூடப் பெறாது என்று கோங்கின் ரசனை அலறியது. ஆனாலும் பணம் கைமாறியது. அது எதற்கான பணம் என்று தெரியாத அளவுக்கு அவர் முட்டாள் அல்ல. அவருடைய முட்டாள்தனம் இன்னும் நுட்பமான வகை.

வாசல்வரை வந்து வழியனுப்பிய திங் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, ஒண்ணே ஒண்ணு. இத அப்படியே குடுத்துருங்க. பெட்டிய மாத்த வேண்டாம், மூடிய மாத்த வேண்டாம். உங்க பேர்ச்சீட்டு மட்டும் வைங்க. போதும்."

வாத்து மூன்று நாள் கோங்கின் மேஜையில் இருந்தது. அவர் அதைக் காலை வெளிச்சத்தில் பார்த்தார், மாலை வெளிச்சத்தில் பார்த்தார். எந்த வெளிச்சத்திலும் அது வாத்தாகவே இருந்தது. பக்கத்தில் தன் பெயர்ச்சீட்டை வைத்துப் பார்த்தார். பிரபு விருந்தாளிகளோடு உட்கார்ந்திருப்பார். பெட்டி திறக்கும். யார் கொடுத்தது என்று ஒருவர் கேட்பார். கோங் பெய்ரு என்று பதில் வரும். தேநீர்க்கடைக் கோங்கா, அவருக்குக் கண் போய்விட்டதா என்று யாரோ சிரிப்பார்கள். மாவட்டம் இல்லாமல் ஒன்பது வருஷம் வாழ முடிந்த மனிதருக்கு இந்தச் சிரிப்போடு ஒரு நாள் வாழ முடியாது.

பணம்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று அவர் தனக்குத் தானே வாதாடினார். பிரபுவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தாயிற்று. இனி குப்பி எதுவானால் என்ன? அதைவிட நல்லதாக அனுப்பினால் பிரபு இன்னும் மகிழ மாட்டாரா? லஞ்சம் கொடுத்தவர் நூறு பேர் இருப்பார்கள்; ரசனையைக் காட்டியவர் ஒருவர் இருப்பார்.

அவரிடம் பாட்டனார் வழி வந்த ஒரு குப்பி இருந்தது. ஆட்டுக்கொழுப்பு போன்ற வெண்மை. தொட்டால் விரல் வழுக்கும் மழமழப்பு. இரண்டு பீச் பழங்களைச் சுற்றி ஐந்து வௌவால்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு கோணத்தில் பறந்தன. கூரை ஒழுகிய வருஷத்தில்கூட அதை விற்க மறுத்து, ஸ்யே அம்மாளைக் குடையின் கீழ் சமைக்க வைத்தவர் அவர். அதை ஒரு புதுப் பட்டுப் பெட்டியில் வைத்தார். கூடவே ஐந்து வௌவால்களின் உட்பொருளை விளக்கி நாலு பக்கம் அழகான கையெழுத்தில் எழுதி மடித்து வைத்தார்.

பிரபுவின் காரியஸ்தர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார்.

"இதுவா?"

"இதுவேதான்."

"வேற ஒண்ணும் குடுத்துவிடலையா?"

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கோங் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தார்.

"சரிங்க" என்றார் காரியஸ்தர். நாலு பக்கத்தையும் தன் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மேஜையில் கறை படியாமல் இருக்கும்.

வீடு திரும்பியபோது முற்றத்தில் பாங் பல்லைக் குத்திக்கொண்டு நின்றார். கோங்குக்கு மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசு எங்கேயாவது வழிய வேண்டும். உள்ளே போய் வாத்துக் குப்பியை நீலப் பெட்டியோடு எடுத்து வந்தார்.

"தம்பி, அந்தக் கண் மருந்துக் குப்பியத் தூக்கி எறி. இனிமே இதுல பொடி போட்டுக்கோ."

பாங் பெட்டியைத் திறந்தார். பல் குத்திய குச்சி வாயிலேயே நின்றது.

"அண்ணே, இது... எனக்கா?"

"உனக்குத்தான். கல்லு மட்டம், வேல மட்டம். ஆனா தாமரை இருக்கு பாரு, அதோட அர்த்தத்த நெனச்சுக்கிட்டே பொடி போடு. ஒழுக்கம் வரும்."

"நெசமாத்தான் குடுக்குறீங்களா? அப்புறம் கேக்க மாட்டீங்களே?"

"குடுத்தத நான் எப்ப திருப்பிக் கேட்டிருக்கேன்?"

"இல்ல அண்ணே, இன்னொரு தரம் சொல்லிருங்க. என் மனசு கேக்கல. இது திங் கடை..."

"எந்தக் கடையா இருந்தா என்ன. உன்னோடதுதான், போ."

பாங் மிகவும் ஆழமாக வணங்கினார். அவ்வளவு பருத்த உடம்பு அவ்வளவு தாழ முடியும் என்பது கோங்குக்குத் திருப்தியாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் குலுக்கல் நடந்தது. எல்லோர் முன்னிலையிலும், மிகுந்த நேர்மையோடு, குழாயிலிருந்து லின்தாங்குக்கு வந்த குச்சியில் பாங் ஷிஹெங் என்ற பெயர் இருந்தது.

கோங் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஸ்யே அம்மாள் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். அவர் ஒவ்வொரு பதிலாகச் சொன்னார். வெள்ளைக் குப்பியை அனுப்பியது. வாத்தைப் பாங்குக்குக் கொடுத்தது. கேட்டு முடித்ததும் அவள் அவருடைய தொப்பியின் பொத்தானைப் பார்த்தாள்.

"ஏங்க, அடகுக் கடையில நகைய மீட்கணும்னா என்ன நீட்டணும்?"

"சீட்ட."

"சீட்டு அழுக்கா இருக்குன்னு யாராவது அதுக்குப் பதிலா நல்ல சித்திரம் ஒண்ண நீட்டுவாங்களா?"

"இது வேற..."

"நீட்டிட்டு, சீட்ட எதிர் வீட்டுக்காரருக்குத் தானமும் பண்ணுவாங்களா? ஒழுக்கம் வரும்னு சொல்லி?"

மறுநாள் கோங் தெளிநீர் மாளிகைக்குப் போனார். நீலப் பெட்டி அலமாரியில் இருந்தது. இந்தத் தடவை தேநீர் வரவில்லை.

"வந்திருச்சுங்க. பிரபு வீட்டுலேந்து ரெண்டே நாள்ல" என்றார் திங். "பாங் ஐயா பேர்ச்சீட்டோட போச்சு. போன பேருக்கு வேல நடந்திருச்சு. எங்க கடையில ஏமாத்து கெடையாது."

"பணம் என்னோடது."

"பணத்துல பேர் எழுதியிருக்காதுங்களே."

"நான் புகார் கொடுப்பேன்."

"குடுங்க ஐயா. என்னன்னு எழுதுவீங்க?"

கோங் யோசித்தார். அவர் கையெழுத்து அழகானதுதான். ஆனால் அந்த வாக்கியத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் தலை போகும்.

இதற்குள் ஸ்யே அம்மாள் முற்றத்தைத் தாண்டி எதிர் அறைக்குப் போயிருந்தாள். பாங் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இருந்த ஒரே முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணி, நான் ரெண்டு தடவ கேட்டேன். சத்தியமா. மூணாவது தடவ கேக்கறதுக்கு நான் என்ன சாமியாரா?"

"தெரியும். உங்க மேல தப்பு இல்ல. ஆனா அது என் நிலம்."

பாங் தலையைச் சொறிந்தார். கெட்டவர் அல்ல, கிடைத்ததை விடாதவர், அவ்வளவுதான். "அண்ணன என்கூட வரச் சொல்லுங்க. எனக்குச் சட்டமும் வராது, எழுத்தும் வராது. அண்ணனுக்கு ரெண்டும் வரும். என் அந்தரங்கச் செயலாளரா இருக்கட்டும். வருஷத்துக்கு இருநூறு வெள்ளி, வீடு, அரிசி."

"முந்நூறு. நிலத்தோட விலையும் ரெண்டு வருஷத்துல."

"மூணு வருஷம் அண்ணி. நானும் ரெண்டு நண்டு சீசனாவது பாக்கணும்ல."

"மூணு. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். ஒரு வரியில் நாலு பிழை இருந்தது. ஸ்யே அம்மாள் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக எடை உள்ள ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் பிரபுவின் வீட்டு ஆள் வந்து நின்றான். கோங் ஐயாவைப் பிரபு பார்க்க விரும்புகிறார், உடனே.

ஷௌதிங் பிரபுவின் கூடத்தில் விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பிரபு வயசானவர், நல்ல சிவப்பு, மூக்கின் இரு பக்கமும் பொடிக் கறை நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. கையில் வெள்ளைக் குப்பி.

"வாங்க கோங். நம்ம காரியஸ்தன் ஒரு மடையன். நீங்க எழுதினதக் கோப்பைக்கு அடியில வச்சிருந்தான். தற்செயலா கண்ணுல பட்டுச்சு. மூணாவது வௌவால் பத்தி எழுதினதக் கோப்பைக் கறை மறைச்சிருச்சு, அங்க என்ன எழுதியிருந்தீங்க?"

கோங் சொன்னார். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போனார், நாலாவதிலிருந்து பழத்தின் காம்புக்கு வந்தார். விருந்தாளிகள் தங்கள் குப்பிகளை நீட்டினார்கள். ஒருவருடைய சுரைக்காயில் அவர் ஏழு தலைமுறையைக் கண்டார். இன்னொருவருடைய கிளிஞ்சல் வடிவக் குப்பியில் வெளிவராத ஒரு மேதையைக் கண்டார். உரிமையாளர் கண் கலங்கினார். கோங்கின் வாழ்க்கையில் தேநீர் இவ்வளவு விலையுயர்ந்த கோப்பையில் ஆறியதே இல்லை.

கூட்டம் கலையும்போது கோங் துணிந்து பேச்சை எடுத்தார். "பிரபு, என் பெயர் காத்திருப்போர் பட்டியல்ல..."

"ஆமாம் ஆமாம், சொன்னாங்க. அதச் சொல்லத்தான் இருந்தேன். உங்க பேர எடுத்துடச் சொல்லிட்டேன்."

"எடுத்து... எங்கே போடறதுக்கு, பிரபு?"

"எங்கயும் இல்ல. உங்கள மாதிரி ஆள ஏதோ ஒரு மாவட்டத்துக்கு அனுப்பி, வரப்புத் தகராறும் பன்னித் திருட்டும் கேக்க வைக்கறதா? அது பாவம். நீங்க பீக்கிங்குலயே இருங்க. அஞ்சு நாளைக்கு ஒரு தடவ இங்க வாங்க." பிரபு விருந்தாளிகளின் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்ல இவரு கண்ணுக்கு மேல கண்ணு இல்ல. என்ன சொல்றீங்க?"

எல்லோரும் இல்லவே இல்லை என்றார்கள்.

ஒன்பது வருஷம் ஒரே வாக்கியத்தில் போயிற்று. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. கோங் தரையில் நெற்றி படக் குனிந்து நன்றி சொன்னார். சம்பளம் பற்றிப் பிரபு எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் அதைக் கேட்பது ரசனைக் குறைவு.

வீட்டில் ஸ்யே அம்மாள் பாங் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் முதலில் பிழைகளைத்தான் பார்த்தார்.

"நான் பாங்குக்குக் கடிதம் எழுதறதா?"

"முந்நூறு வெள்ளி."

"அவன் கண் மருந்துக் குப்பில பொடி போடறவன்."

"வீடு. கூரை ஒழுகாத வீடு. அரிசி. மூணு வருஷத்துல நிலம் திரும்ப வரும்."

"இன்னிக்கு அங்க என்ன சொன்னாங்க தெரியுமா உனக்கு? இந்த ஊர்ல என் கண்ணுக்கு மேல..."

"சோறு போட்டாங்களா?"

"தேநீர் குடுத்தாங்க. அந்தக் கோப்பை இருக்கே..."

"வர்ற அஞ்சாம் நாளும் தேத்தண்ணிதானா?"

கோங் அங்கியின் மார்பில் தைத்திருந்த பறவையை நீவிவிட்டுக்கொண்டார். ஸ்யே அம்மாள் இன்னும் இரண்டு நாள் பொறுத்தாள். அந்த இரண்டு நாளும் அவர் தேநீர்க்கடையில் பிரபுவின் கூடத்து நாற்காலிகளின் வேலைப்பாட்டை விவரித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட எதிர் அறைப் பக்கம் போகவில்லை. பாங் கிளம்புகிற அன்று வேறொரு எழுத்தரை வைத்துக்கொண்டார். நிலத்தின் விலைக்கான வாக்கு மட்டும் அப்படியே நிற்கும் என்று ஸ்யே அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள் முற்றத்து வாசலில் கோவேறு கழுதை பூட்டிய ஒரு வண்டி நின்றது. ஸ்யே அம்மாள் இரண்டு பெட்டிகளையும் ஒரு படுக்கைச் சுருளையும் ஏற்றினாள். தோங்ஜோவில் அவள் தம்பி தானியக் கடை வைத்திருந்தான். கடைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கணக்கு எழுத வரும்.

கோங் வெளியே வந்தார். நல்ல அங்கி, தேய்த்த காலணி, நேராக வைத்த தொப்பி. அன்று ஐந்தாம் நாள்.

"எத்தன நாள் இருப்ப?" என்று கேட்டார்.

"அங்கயே இருக்கப் போறேன்."

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். முந்தின இரவு மழை பெய்திருந்தது. சேறு கணுக்கால் ஆழத்துக்கு இருந்தது. வாடகை வண்டிக்குக் காசு இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ ச்சாவ்யாங் வாசல் வழியாத்தானே போற?"

"ஆமாம்."

"பிரபு வீடு அந்தப் பக்கம்தான். சந்து முனையில என்ன எறக்கிவிட்டுட்டுப் போயேன்."

ஸ்யே அம்மாள் அவரையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படுக்கைச் சுருளை நகர்த்தி இடம் விட்டாள்.

"ஏறுங்க."

வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். சந்து முனையில் வண்டி நின்றது. அவர் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலணியில் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாவிப் போய்ச் சிவப்பு வாசலில் நின்று தன் பெயரைச் சொன்னார். வாயிற்காவலன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"பிரபு தூங்குறாரு. இப்படி பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடுவாங்க."

கோங் பெய்ரு உட்கார்ந்தார். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு காய்கறிக்காரனும் செருப்பு தைக்கிறவனும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் தனக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, முதுகை நிமிர்த்தி, இன்று எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். வண்டி அதற்குள் நகரவாசலைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டிருந்தது.